ரொட்டிக்காரியின் முள்ளன்

எனக்கு நிஜமாகவே ஒரு சக்களத்தி இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். நேரே அவள் வீட்டுக்குப் போய், தலைமுடியைப் பிடித்து நாலு சாத்து சாத்திவிட்டு, திரும்பி வந்து வயிறாரச் சாப்பிட்டிருக்கலாம். எனக்கு வாய்த்தவன் காகிதத்தில் இருந்தான். அதுவும் ஆம்பிளை. வியாழக்கிழமைதோறும் காமிக்ஸ் புத்தகத்தில் வருவான். பெயர் முள்ளன், தொழில் திருட்டு.

நீளக் கோட்டு, தூக்கிவிட்ட காலர், கண்ணை மறைக்கிற தொப்பி. அவனுக்குத் திறக்காத பூட்டே கிடையாது. இருப்பவனிடம் எடுத்து இல்லாதவனுக்குக் கொடுக்கிற ரகமெல்லாம் இல்லை. எடுத்ததை அவனே வைத்துக்கொள்வான். ஆனால் அவன் திறக்கிற ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் அவனைவிடப் பெரிய அயோக்கியன் ஒருத்தன் உட்கார்ந்திருப்பான். அதனால் படிக்கிறவர்களுக்கு முள்ளன்மேல் கொள்ளைப் பிரியம். நன்றி சொல்ல மாட்டான். மன்னிப்புக் கேட்க மாட்டான். வேலை முடிந்ததும் "திறந்த கதவைத் திரும்பிப் பார்க்காதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடப்பான். எல்லாக் கதையும் அவன் முதுகோடுதான் முடியும்.

என் வீட்டுக்காரர் அவனைப் பார்த்துத்தான் பூட்டுத் தொழிலுக்கு வந்தார். திருட்டுத் தொழிலுக்குப் போகாமல் விட்டாரே, அந்த மட்டும் லாபம். பஸ் நிலையத்துக்குப் பின்னால், செருப்புக் கடைக்கும் போட்டோ கடைக்கும் நடுவில், ஓர் ஆள் திரும்பினால் முழங்கை இடிக்கிற கடை. சாவி வெட்டும் மெஷின் ஒன்று, ஆணிகளில் கொத்துக் கொத்தாக வெட்டாத சாவிகள், மிச்ச இடத்தில் அவர். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்கிறவர்கள் போன் செய்தால் பையைத் தூக்கிக்கொண்டு போவார். கதவில் காதை வைப்பார், கண்ணை மூடுவார். பூட்டு இளகியதும் இரண்டு விரலால் கதவை ஒரு தள்ளு. உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் நடையைக் கட்டிவிடுவார். "அவரு வந்தா கதவு திறக்கும், வாய் திறக்காது" என்று தெருவே சொல்லும். ஊர் அவரை முள்ளன் என்றுதான் கூப்பிட்டது. கூப்பிட்டால் உள்ளுக்குள் குளிர்ந்துபோவார். ஆனால் முகத்தில் ஒன்றும் தெரியாது. முள்ளன் காட்டிக்கொள்வானா?

கல்யாணமான புதிதில், அவர் வேலைக்குக் கிளம்பும்போது மூன்றாவது மாடி ஜன்னலில் போய் நிற்பேன். திரும்பிப் பார்த்தால் கை அசைக்கலாம் என்று கையைக்கூடத் துடைத்துக்கொண்டு நிற்பேன். மருந்துக்கடை முனை வரைக்கும் முதுகு தெரியும். அப்புறம் அதுவும் தெரியாது.

"ஒரு தடவை திரும்பிப் பாத்தா கழுத்து சுளுக்கிக்குமா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"முள்ளன் திரும்பிப் பாக்க மாட்டான்."

"நான் கட்டிக்கிட்டது அவனையா, உங்களையா?"

பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். அன்றைக்குப் பற்றியது என் வயிற்றெரிச்சல். ஆனாலும் ஜன்னலில் நிற்பதை மட்டும் நான் விடவில்லை. எனக்கும் பிடிவாதம் உண்டு.

இதில் கொடுமை என்னவென்றால் எங்கள் கல்யாணத்தை முடித்துவைத்ததே முள்ளன்தான். என் அண்ணன் ஒரு மருந்து கம்பெனிக் கிடங்கில் மேற்பார்வையாளர். சின்ன வயதிலிருந்து அவருக்கும் முள்ளன் பைத்தியம். பழைய புத்தகம் தேடிப் போன இடத்தில் இருவரும் ஒரே பிரதிக்குக் கை நீட்டி, சண்டை போட்டு, சிநேகிதமாகி, கடைசியில் அண்ணன் வீட்டுக்கு வந்து சொன்னார்: "முள்ளனைப் பிடிச்சவன் தப்பானவனா இருக்க மாட்டான்." அப்பா அம்மா இல்லாத எனக்கு அண்ணன்தான் எல்லாம். அவர் வாக்கை நம்பிக் கழுத்தை நீட்டினேன்.

அந்த அண்ணனையே முள்ளன் என்னிடமிருந்து பிரித்தான்.

அண்ணனுக்கு ஒரே மகள். அப்போது நாலு வயது. அவள் செய்கிற சேட்டைக்கு எல்லோரும் வாலு என்றே கூப்பிடுவோம். ஒருநாள் குளியலறைக்குள் போய் உள் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டுவிட்டாள், திறக்கத் தெரியவில்லை. உள்ளே அவள் வீறிட்டு அழ, வெளியே அண்ணி மாரில் அடித்துக்கொண்டு அழ, அக்கம்பக்கமே கூடிவிட்டது. இவர் வந்தார். கதவிடுக்கில் ஒரு தகட்டை நுழைத்தார், தாழ்ப்பாளை நெம்பினார், குழந்தை வெளியே ஓடி வந்தாள். அண்ணன் கண்ணெல்லாம் தண்ணீராக இரண்டு கையையும் விரித்துக்கொண்டு இவரைக் கட்டிப்பிடிக்க வந்தார்.

வேறு எந்த மனுஷனாக இருந்தாலும் கட்டிப்பிடித்திருப்பான். இவர் ஓரடி விலகி, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: "குழந்தையைப் பாத்துக்கத் துப்பில்லாத வீட்டுல உள் தாழ்ப்பாள் எதுக்கு? கழட்டி எறிங்க."

சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

"அப்படியே போயிடு! இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே!" என்று அண்ணன் கத்தியது தெருக்கோடி வரை கேட்டது. என்னிடமும் கறாராகச் சொல்லிவிட்டார். "அவன் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். அதுவரைக்கும் நீயும் வராதே. நீ மட்டும் வந்து போனா, அவன் சொன்னதை நான் முழுங்கிட்டேன்னு ஆகிடும்."

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லச் சொல்லி நான் அழுதிருக்கிறேன், பட்டினி கிடந்திருக்கிறேன், பாத்திரத்தை உருட்டியிருக்கிறேன். "முள்ளன் மன்னிப்புக் கேக்க மாட்டான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அண்ணியை மட்டும் காய்கறிக் கடையில் எப்போதாவது பார்ப்பேன். வெங்காயம் பொறுக்குகிற சாக்கில் நாலு வார்த்தை பேசிக்கொள்வோம். வாலு பள்ளிக்கூடம் சேர்ந்ததும், முன்பல் விழுந்ததும், சைக்கிள் ஓட்டப் பழகியதும் வெங்காயத்தோடு வெங்காயமாகத்தான் எனக்கு வந்து சேர்ந்தது.

போன மாதம் அதே கடையில் அண்ணி கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க அண்ணனுக்கு வேலை மாத்தல் ஆயிடுச்சு. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை லாரி வருது. ரயில்ல ஒரு ராத்திரி ஒரு பகல் போகணும். இனிமே இந்த வெங்காயமும் கிடையாது" என்றாள். அன்று ராத்திரியே இவர் காதில் போட்டேன், அதே முள்ளன் பாட்டைத்தான் பாடினார்.

அந்த மாதம்தான் முள்ளனும் கெட்டுப்போனான்.

அவனை முதலில் எழுதியவர் ஒதுங்கிக்கொண்டு உரிமையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டாராம். வியாழக்கிழமை புத்தகத்தோடு வந்த என் வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். எழவு விழுந்த வீட்டுக்கு வந்த மாதிரி முகம்.

"என்னங்க ஆச்சு? யாருக்கு என்ன?"

"முள்ளன் ஏப்ரன் கட்டியிருக்கான்" என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிடுங்கிப் பார்த்தேன். நிஜம்தான். முள்ளன் ஒரு ரொட்டிக் கடைக்குத் திருடப் போய், கடைக்காரியிடம் மனதைப் பறிகொடுத்து, அவளையே கட்டிக்கொண்டுவிட்டான். கோட்டும் தொப்பியும் ஆணியில் தொங்க, இடுப்பில் சமையல்காரத் துணியோடு முள்ளன் மாவு பிசைகிறான். பத்துப் பன்னிரண்டு பல் தெரியச் சிரிக்கிறான்.

"இத்தனை வருஷத்துல அவனுக்குப் பல்லு இருக்குன்னே யாருக்கும் தெரியாது" என்று இவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "புலி பசிச்சாலும் புல்லைத் தின்னாதுன்னு சொல்வாங்க. இங்க புலியை மாவு பிசைய விட்டுட்டானுங்க."

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நான் இரண்டு பங்கு சாப்பிட்டேன். இத்தனை காலம் என் வயிற்றில் எரிந்த நெருப்பில் யாரோ ஒரு குடம் தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது. நன்றாக வேண்டும் அவனுக்கு!

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் கெட்ட நேரம், அடுத்த வாரம் என்ன ஆயிற்று பார்ப்போம் என்று புத்தகத்தைப் புரட்டினேன். அதில் முள்ளன் ரொட்டிக்காரிக்குக் குடை பிடித்துக்கொண்டு போகிறான். குடை முழுக்க அவள் பக்கம், இவன் தோள் நனைகிறது. எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டது, இந்த முறை ஆள் மாறி. இத்தனை வருஷம் அவன் முதுகைப் பார்த்து ஏங்கினவள் நான். நேற்று வந்தவளுக்குக் குடையா? அவளையும்தான் பார்த்தேன். நாள் முழுக்க மாவில் கிடக்கிறாளாம், துணியில் ஒரு பொட்டு மாவு கிடையாது. கொடி மாதிரி இடுப்பு. வரைகிறவனுக்கு என்ன, மை ஒன்றுதானே செலவு.

அதற்கடுத்த வியாழக்கிழமை வந்ததுதான் என்னை அடித்துப் போட்டது. ரொட்டிக்காரிக்கும் ஓர் அண்ணன். அவனை முள்ளன் ஏதோ ஒரு பழைய கதையில் அவமானப்படுத்தியிருக்கிறான். அவள் வாய்விட்டுக் கேட்கக்கூட இல்லை, ஜன்னலோரம் நின்று ஒரு பெருமூச்சு விட்டாள், அவ்வளவுதான். முள்ளன் சூடான ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டு வாசலில் போய் நிற்கிறான். சொல்கிறான்: "மச்சான், என் வாயில் முள் இருந்தது. அது உங்களைக் குத்தியது தெரிந்தும் பிடுங்காமல் விட்டேன். இன்று பிடுங்கிவிட்டேன். சூடான ரொட்டி கொண்டுவந்திருக்கிறேன். வாசலில் நிற்கட்டுமா, உள்ளே வரட்டுமா?"

ஒரு பெருமூச்சுக்கு இது கிடைத்தது அவளுக்கு! நான் அழுத அழுகைக்கு ஒரு பேக்கரியே வந்திருக்க வேண்டும்.

இவருக்கோ அது கேலிப் பொருளாகிவிட்டது. பல் தேய்க்கும்போதும் சட்டை மாட்டும்போதும் மூக்கால் பேசிக்காட்டுவார். "மச்சான், என் வாயில் முள் இருந்தது... சூடான ரொட்டி கொண்டுவந்திருக்கிறேன்... தூ! முள்ளன் பேசுற பேச்சா இது?" கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொல் பிசகாமல் சொல்கிற அளவுக்கு அவருக்கு அது மனப்பாடமாகியிருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கடைக்குப் போய் எனக்கென்று தனியாக ஒரு பிரதி வாங்கினேன். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டினேன். சமைக்கும்போது அதைப் பார்த்து, இவர் காதில் விழுகிற மாதிரி பெருமூச்சு விட்டேன்.

தண்ணீர் குடிக்க வந்தவர் பார்த்துவிட்டார். "எதுக்கு இது இங்கே? எடு."

"ஏன்? உங்க ஆளுதானே?"

"அவன் என் ஆளு இல்ல."

"அப்போ என் ஆளா இருந்துட்டுப் போகட்டும்."

அவர் கையில் இருந்த டம்ளர் அப்படியே நின்றது. முகம் கருத்துவிட்டது. பத்து ஊர் திருடன் வந்தாலும் அசராதவர், ஏப்ரன் கட்டின காகிதப் பயலை முறைத்துக்கொண்டு நின்றார். எனக்கு உள்ளுக்குள் சர்க்கரை கொட்டின மாதிரி இருந்தது. எரியட்டும், ஒரு தடவையாவது அந்தப் பக்கம் எரியட்டும்.

"அவனைப் பாத்துச் சமைச்சா உப்பு கூடிப் போகுது" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

லாரி வருவதற்கு முதல் நாள், சனிக்கிழமை, எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாளைக்கு அண்ணன் போய்விடுவார். சுவரைப் பார்த்தால் ரொட்டிக்காரி கதவோரம் நின்று, புருஷன் அவள் அண்ணனோடு பேசுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பொறுக்க முடியவில்லை. பேனாவை எடுத்து அவளுக்கு மீசை போட்டேன். போதவில்லை. தாடியும் போட்டேன். முன்பல் இரண்டைக் கறுப்பாக்கினேன். அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

இவர் சாப்பிட வந்தவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"இவளுக்கு எதுக்கு மீசை?"

"சும்மா."

"இவனைப் பிடிச்சுப்போய்தானே ஒட்டினே? அப்போ இவ உனக்கு என்ன பண்ணினா?"

"அவளுக்கு அண்ணன் கிடைச்சுட்டான்" என்றேன்.

அவர் கதவில் காது வைக்கிறபோது நிற்கிற மாதிரி, கண்ணை மூடி அந்தச் சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றார். சாப்பாட்டைத் தொடாமல் கடைக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "செருப்பைப் போடு."

"எங்கே?"

"எங்கேன்னு தெரியாத மாதிரி கேக்காதே. அந்த மாவு பிசையறவன் போனான்ல, நான் போக மாட்டேனா?"

அண்ணன் வீட்டு வாசலில் பாதி மூட்டைகள் லாரியில் ஏறியிருந்தன. அண்ணி எங்களைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த பக்கெட்டை நழுவவிட்டாள். அண்ணன் வெளியே வந்தார். முடி நரைத்திருந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இவரும் நின்றார். லாரிக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

இவர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. பார்வை அண்ணனைத் தாண்டி, காலியாகக் கிடந்த கூடத்தைத் தாண்டி, திறந்து கிடந்த குளியலறைக் கதவில் போய் நின்றது. உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. அது இருந்த இடத்தில் நாலு திருகாணி ஓட்டை மட்டும், அதன்மேல் இரண்டு தடவை பெயின்ட் அடித்த பழைய ஓட்டை. இவர் சொன்னபடி அண்ணன் எப்போதோ கழற்றி எறிந்திருக்கிறார்.

அதைப் பார்த்ததும் இவர் முகம் என்னமோ ஆகிவிட்டது. கண்ணை மூடினார். சொந்தமாக ஒரு வார்த்தை வராத மனுஷனுக்கு வாயில் இருந்ததுதானே வரும்? மடமடவென்று கொட்டிவிட்டார்.

"மச்சான், என் வாயில் முள் இருந்தது. அது உங்களைக் குத்தியது தெரிந்தும் பிடுங்காமல் விட்டேன். இன்று பிடுங்கிவிட்டேன். சூடான ரொட்டி கொண்டுவந்திருக்கிறேன். வாசலில் நிற்கட்டுமா, உள்ளே வரட்டுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

மூட்டைமேல் உட்கார்ந்திருந்த வாலு துள்ளி எழுந்தாள். "அப்பா! இது முள்ளன் சொன்னதுப்பா! போன வாரம் நீங்க படிச்சுக் காட்டினீங்களே!"

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. இவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ரொட்டி எங்கே?" என்றார்.

இவர் வெறும் கையைப் பார்த்தார். பையைப் பார்த்தார். "பையில சாவிதான் இருக்கு, மச்சான்" என்றார். "நான் சொன்னது தப்பு. அன்னிக்கே தெரியும்."

அண்ணன் இரண்டு எட்டில் வந்து கட்டிப்பிடித்தார். இந்த முறை இவர் விலகவில்லை. அண்ணன் அவர் முதுகில் தட்டிக்கொண்டே என்ன சொன்னார் என்கிறீர்கள்? "பாத்தியா மாப்பிள்ளை, முள்ளனை என்ன பண்ணி வெச்சிருக்கானுங்க!"

"ஏப்ரன் மச்சான்! ஏப்ரன்!"

"பல்லைக் காட்டுறான்யா!"

அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரே மூட்டையில் உட்கார்ந்து புது எழுத்தாளனை அவன் பாட்டன் முப்பாட்டன் வரை இழுத்துத் திட்ட ஆரம்பித்தார்கள். லாரிக்காரர் ஹார்ன் அடித்துப் பார்த்தார், பயனில்லை. நானும் அண்ணியும்தான் மிச்சச் சாமானை ஏற்றினோம். இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த அண்ணன், கிளம்புகிற கடைசி நேரத்தையும் முள்ளனோடுதான் கழித்தார். கட்டிலின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு நின்ற எனக்குச் சந்தோஷத்தில் அழுகையும் வந்தது, பொறாமையில் வசவும் வந்தது. வண்டி ஏறும்போது அண்ணன் என் தலையில் கைவைத்து, "லீவு விட்டதும் ரெண்டு பேரும் வரணும்" என்றார். அந்தக் கையின் கனத்துக்காக எல்லாவற்றையும் மன்னித்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மன்னிப்பு தீர்ந்துபோயிற்று.

"அது அவ அண்ணனுக்குச் சொன்னது" என்றேன்.

"எவ?"

"ரொட்டிக்காரி. அவளுக்குச் சொன்னதைத்தான் எங்களுக்கும் சொன்னீங்க. பழைய துணியைக் கொடுக்கற மாதிரி. எனக்குன்னு ஒண்ணு உங்ககிட்ட கிடையாதா? எல்லாத்தையும் அந்தக் காகிதப் பயகிட்டதான் வாங்கணுமா?"

"எனக்கு அதெல்லாம் வராதுடி."

"உங்களுக்குத் திறக்காத பூட்டா?"

வீட்டுக்கு வந்ததும் நானே சுவரில் இருந்ததைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

மறுநாள் காலை வழக்கம்போல் பையை மாட்டிக்கொண்டு இறங்கினார். நானும் வழக்கம்போல் ஜன்னலுக்குப் போனேன். கையைத் துடைத்துக்கொள்ளவில்லை. செருப்புத் தைப்பவரைத் தாண்டினார், தண்ணீர்க் குழாயைத் தாண்டினார். மருந்துக்கடை முனை வந்தது. நின்றார்.

திரும்பினார். கடன்காரனைப் பார்க்கிற மாதிரி கடுகடுவென்ற முகம். அண்ணாந்து மூன்றாவது மாடியைப் பார்த்தார். பார்த்தபிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை போலிருக்கிறது, தெருவே கேட்கக் கத்தினார்: "கதவைப் பூட்டிட்டியா?"

பூட்டுக்காரருக்கு வேறு என்ன கேட்கத் தெரியும்?

"பூட்டிட்டேன்!" என்று நானும் கத்தினேன். கதவு என் முதுகுக்குப் பின்னால் ஆவென்று திறந்து கிடந்தது. ஈரக் கையை, மாவும் கரியுமாக இருந்த கையை, தோள் வலிக்கிற மட்டும் ஆட்டினேன். செருப்புத் தைப்பவர் ஊசியை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் வேடிக்கை பார்த்தார். பார்க்கட்டும்.

ரொட்டிக்காரிக்கு இது வாய்க்காது. அவளுடைய முள்ளன் விடிந்ததிலிருந்து அவளோடேயே நின்று மாவு பிசைகிறான். தெருமுனையில் நின்று திரும்பிப் பார்ப்பதற்கு அவன் எங்கே போகிறான்?